இந்திராணி டெய்லரின் ஐம்பத்தாறு சதுரங்கள்

ஜூன் 3, திங்கள்

காலை 6.10 பஸ்ஸில் என் மனைவி பாக்கியம் கோயம்புத்தூர் சென்றாள். மகள் ஷர்மிளாவுக்கு உதவி தேவைப்படுகிறது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், பேத்தியின் புத்தகங்களுக்கு அட்டை போட வேண்டும், இன்னும் என்னென்னவோ. பத்து நாளில் திரும்பிவிடுவாள். பஸ் கிளம்பிய பிறகு ஷர்மிளாவுக்குப் போன் செய்தேன். உதவி தேவைப்படும் விஷயம் அவளுக்கு என் மூலமாகத்தான் தெரிந்தது.

நேற்று இந்திராணி அக்காவின் பதினாறாம் நாள் காரியம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பாக்கியம் மட்டும் தேவைக்கு அதிகமாக அழுதுகொண்டிருந்தாள். நாத்தனாருக்காக இவ்வளவு அழுது நான் எங்கும் பார்த்ததில்லை. பந்தி வேறு காத்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னேன், நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அழவும் இல்லை, பேசவும் இல்லை.

முப்பத்து நான்கு வருடம் நில அளவையராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாதா மாதம் தாசில்தாருக்கு நாட்குறிப்பு எழுதி அனுப்பிய கை இது. படிக்க தாசில்தார் இல்லாவிட்டாலும் எழுதத்தான் செய்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

உப்புமா. அடி பிடித்தது, மேலே வேகவில்லை. ஒரே சட்டியில் இரண்டும் எப்படி நடந்தன என்று தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

அக்காவின் கடையைக் காலி செய்து கொடுத்தேன். விருதுநகர் பஜாரில் நாற்பது வருடம் பிளவுஸ் தைத்தவள் அக்கா. ‘இந்திராணி டெய்லர்’ என்றால் ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரியும். அத்தான் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை குட்டி கிடையாது. எனவே தையல் மெஷின் ஒன்று, முக்காலி இரண்டு, தகரப்பெட்டி ஒன்று ஆகியவை சட்டப்படி எனக்கு வந்து சேர்ந்தன.

பெட்டியில் புடவையோ நகையோ இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது துணிச் சதுரங்கள். பிளவுஸ் தைத்தது போக மிஞ்சும் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்து, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒவ்வொன்றும். இந்தச் சதுரங்களையெல்லாம் சேர்த்துப் போர்வையாக்குவதுதான் திட்டமாக இருந்திருக்க வேண்டும். தைக்கக் கொடுத்தவர்கள் மிச்சத் துணியைக் கேட்டால் “எங்கக்கா, கைக்கே இழுத்துப் புடிச்சுத்தான் வச்சேன்” என்று அக்கா சொல்லுவாள். அந்த மிச்சமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணினேன். மொத்தம் ஐம்பத்தாறு. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. கணக்குச் சரியாக வருகிறது.

ஜூன் 7, வெள்ளி

அளக்காத எதையும் நான் நம்புவதில்லை. இரும்பு டேப்பை எடுத்து எல்லாச் சதுரங்களையும் அளந்து, வயலுக்குப் போடுவது போலச் சாக்பீஸால் புல எண் கொடுத்தேன். முப்பத்தொன்று ஒன்பதேகால் அங்குலம். இருபத்தைந்து எட்டேமுக்கால் அங்குலம். இரண்டுக்கும் நடுவில் ஒன்றுகூட இல்லை.

அக்கா ஆளைப் பார்த்தே அளவு சொல்லுவாள். டேப்பைத் தொடுவது வந்தவர்களின் திருப்திக்குத்தான். அப்படிப்பட்டவள் இருபத்தைந்து முறை ஒரே தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஆகவே இந்தச் சின்னச் சதுரங்கள் வேறு ஆள் தைத்தவை. தையல் பழகாத, கவனம் இல்லாத, யாரோ ஒரு உதவியாள். அக்கா கடையில் உதவியாள் யாரும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அக்கா கடைக்குள் நான் போய்ப் பத்து வருடம் இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

ஷர்மிளா போன் செய்தாள். “அம்மா கோவத்துல இருக்காங்கப்பா” என்றாள். பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும்.

“என்கிட்டப் பேசச் சொல்லு.”

“சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க.”

“வேற ஏதாச்சும் சொன்னாளா?”

“பெட்டி வந்துருச்சான்னு மட்டும் கேட்டாங்க. அத்தை பெட்டி. ‘உங்கப்பா அதத் தூக்கிப் போட்டுருவாரு’ன்னாங்க.”

நான் எதையும் தூக்கிப்போடுகிறவன் இல்லை. 1991-ஆம் வருடத்து மின்கட்டண ரசீது என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. பாக்கியத்தின் மனதில் பெட்டி இருக்கிறது. அவள் வருவதற்குள் இந்தப் போர்வையை முடித்து, மடித்து, கட்டில் மேல் வைத்திருந்தால் அவளே கோபத்தை மறந்துவிடுவாள். அவளுக்குக் கோபம் இருப்பதாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவேளை இருந்தால்.

ஜூன் 10, திங்கள்

அளவு தவறிய இருபத்தைந்தையும் பிரித்துத் தனியே வைத்தேன். நல்ல துணிதான், வீணாக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு வரும் செல்லக்கனிக்குப் பதினான்கு கொடுத்தேன். இஸ்திரி போடும் மாடசாமிக்கு ஆறு. ஸ்கூட்டர் துடைக்க ஒன்று. மீதி நான்கை ஃபிரிட்ஜின் கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன், ஆட்டம் நின்றுவிட்டது.

கொடுக்கும்போது ஒரு சதுரத்தில் வெளிர் நீலக் கட்டம் போட்ட துணியைப் பார்த்தேன். ஷர்மிளா படித்த பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. இன்னொன்றில் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுத் துண்டு. எங்கள் கல்யாணத்தோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று இந்த நிறத்தில் உண்டு. என்னவென்று நினைவுக்கு வரவில்லை. ஊரில் ஆயிரம் பேர் கத்தரிப்பூ நிறம் கட்டுவார்கள்.

ஜூன் 13, வியாழன்

பத்து நாள் முடிந்தது. பாக்கியம் வரவில்லை. புத்தகங்கள் அதிகமாக இருக்கலாம்.

தையல் மெஷினில் உட்கார்ந்தேன். காலால் மிதித்தால் சக்கரம் முன்னால் போக வேண்டும். நான் மிதித்தால் பின்னால் போகிறது. பின்னால் போனால் நூல் சிக்கி, துணிக்கு அடியில் குருவிக்கூடு கட்டிவிடுகிறது. கூட்டைப் பிய்த்து எடுக்கும் நேரத்தில் ஒரு கிராமத்தையே அளந்துவிடலாம்.

செல்லக்கனி பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

“சக்கரத்தக் கையால ஒரு தள்ளு தள்ளிட்டு மிதிக்கணும் சார்.”

“எனக்குத் தெரியும்.”

அவள் போன பிறகு கையால் தள்ளிவிட்டு மிதித்தேன். முன்னால் போனது.

ஜூன் 18, செவ்வாய்

முப்பத்தொன்று எந்த எண்ணாலும் வகுபடாது. ஒரு சதுரத்தை ஒதுக்கி, முப்பதை ஐந்துக்கு ஆறாக வைத்துத் தைத்தேன். ஆறு நாள் வேலை. ஓரங்களெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. வரப்புகள் நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. என் பணிக்காலத்தில் இவ்வளவு ஒழுங்கான புலப்படம் ஒன்றுகூடப் போட்டதில்லை.

கட்டிலில் படுத்துப் போர்த்திப் பார்த்தேன். கழுத்து வரை இழுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியில். கால் வரை இறக்கினால் நெஞ்சு வெளியில். நாலடி நாலு அங்குலம். இதில் இரண்டு பேர் படுப்பது எப்படி என்று யோசித்தேன். இப்போதைக்கு ஒருவர்தான்.

ஜூன் 19, புதன்

தோசை. மாவு கடையில் வாங்கியது. பேச ஆளில்லாமல் சாப்பிட்டால் மூன்றாவது தோசைக்குப் போக முடியவில்லை.

ஜூன் 20, வியாழன்

போர்வை பத்தவில்லை. அக்காவின் சரியான அளவுச் சதுரங்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று அந்த உதவியாளைக் கண்டுபிடித்துக் கேட்பதென்று முடிவு செய்து பஜாருக்குப் போனேன். அக்கா கடைக்குப் பக்கத்துக் கடையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் ஆரோக்கியம் என்பவரை விசாரித்தேன். நான் கடையைக் காலி செய்த அன்று அவர் கடை பூட்டியிருந்தது, அவருக்கு நான் யாரென்று தெரியாது.

“இந்திராணியம்மா கடையில ஒத்தாசைக்கு யாரும் இருந்தாங்களா?”

“வேலைக்குன்னு யாரும் கெடையாது சார். வியாழக்கிழமை மட்டும் ஒரு அம்மா வரும். மூணு மணிக்கு வந்தா ஆறு மணிக்குத்தான் எந்திரிக்கும். ரெண்டு பேரும் எதிர எதிர உக்காந்து ஊசியும் கையுமா இருப்பாங்க. சிரிப்புச் சத்தம் இங்க கேக்கும்.”

“எத்தனை வருஷமா?”

“நான் கடை போட்டு இருபத்தெட்டு வருஷம். அதுக்கு மின்னயே வந்துக்கிட்டு இருந்துச்சு.”

“பேர் தெரியுமா?”

“தெரியாது. இந்திராணியம்மாவ ‘மதினி’ன்னு கூப்பிடும்.”

மதினி என்று அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் அக்காவின் தம்பி மனைவியாக இருக்க வேண்டும். அக்காவுக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரே மனைவி. இருந்தாலும் ஒரே சான்றை வைத்து எல்லைக்கல் நடக் கூடாது என்பதால், வேறு அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

ஆரோக்கியம் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

“வீட்டுக்காரரு சர்வேயராம் சார். ரேசன் கார்டு மாதிரி வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு அளவு வச்சிருப்பாராம். காப்பி டம்ளருல எது வரைக்கும் ஊத்தணும்னு கோடு போட்டிருக்காராம். அதச் சொல்லிச் சொல்லித்தான் ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நல்ல மனுசி. அந்தம்மா ஆசுபத்திரில கெடந்தப்ப ராப்பகலா கூட இருந்தது அதுதான். சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“ரிட்டயர்டு” என்றேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வியாழக்கிழமைகளில் பாக்கியம் கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். எந்தக் கோயில் என்று கேட்டதில்லை. கோடு போட்டது காப்பி டம்ளரில் இல்லை, பால் குக்கரில். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பதினாறாம் நாள் பந்திக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தையை எழுதிவைக்கிறேன். “கூடப்பொறந்த எனக்கே கண்ணுல தண்ணி வரல. உனக்கு யாரு செத்துப்போனா இந்த அழுகை அழற?” இதுதான். சத்தமாகத்தான் சொன்னேன். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள்.

ஷர்மிளாவுக்கு உதவி எதுவும் தேவையில்லை. பாக்கியம் என்னை விட்டுப் போயிருக்கிறாள்.

ஜூன் 20, தொடர்ச்சி

இதை எழுதி முடித்த பிறகுதான் அந்த இருபத்தைந்தும் எங்கெங்கே இருக்கின்றன என்பது உறைத்தது.

ஜூன் 21, வெள்ளி

ஃபிரிட்ஜைத் தூக்கி நான்கை எடுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் துடைத்ததை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டு மூன்று முறை அலசினேன். கிரீஸ் போகவில்லை. வாசனை கூடியிருக்கிறது.

மாடசாமியின் வண்டியில் ஆறும் பத்திரமாக இருந்தன. ஒன்றின் மேல் அவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். பெட்டியின் வடிவம் அப்படியே பழுப்பாக விழுந்திருக்கிறது.

“அண்ணாச்சி, குடுத்துட்டுத் திரும்பக் கேக்குறீகளே, என்ன விசேசம்?”

“வீட்டுல கேக்குறாங்க.”

“வீட்டம்மா வந்துட்டாங்களா?”

“வந்துருவாங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெருவுக்கே தெரிந்திருக்கிறது போல.

ஜூன் 22, சனி

செல்லக்கனியிடம் பதினான்கு. கேட்டதும் அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

“குடுத்த பொருளத் திரும்பக் கேக்குறது நல்லாவா இருக்கு சார்?”

“தப்புத்தான். அது பாக்கியம் தைச்சது. தெரியாமக் குடுத்துட்டேன்.”

“அக்கா தைச்சதுன்னு எனக்குத் தெரியுமே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல. நம்பர் போட்டு வரிசையா அடுக்கி வச்சிருந்தீங்க, எல்லாம் தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்.”

ஒன்பது அவள் வீட்டில் அடுப்புப் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக இருந்தன, கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று அவள் மாமியாரின் தலையணைக்குள். அதற்குப் பதிலாகப் புது இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிக் கொடுத்தேன். மீதி இரண்டு அருப்புக்கோட்டையில் இருக்கும் அவள் தங்கையின் கைக்குழந்தைக்குப் போய்விட்டன.

ஜூன் 23, ஞாயிறு

அருப்புக்கோட்டை சென்றேன். அந்தப் பெண் நல்லவள், முன்பின் தெரியாத கிழவன் வந்து குழந்தையின் படுக்கையைக் கேட்டதற்குத் திட்டவில்லை. உட்காரச் சொல்லிக் கலர் சோடா கொடுத்தாள். குழந்தை இரண்டு சதுரத்தின் மேலும் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கட்டும் என்றாள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். எழுந்தது. எழுவதற்கு முன்பே நனைத்திருந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஊர் எல்லை தாண்டுவதற்குள் வேறு இடம் மாறிவிட்டார்.

இருபத்தைந்தும் வந்துவிட்டன. எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டேன். வெயிலில் பார்க்கும்போது கத்தரிப்பூப் பட்டு என்னவென்று தெரிந்தது. கல்யாணத்தன்று சாயங்காலம் பாக்கியம் போட்டிருந்த பிளவுஸ். தைத்தது அக்கா. அன்றைக்கு நான் மாமனாரிடம் மாலைக்கு எத்தனை முழம் வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

நான்கு நாளாக முயல்கிறேன். பெரியதும் சின்னதும் சேர மாட்டேன் என்கின்றன. ஒரு வரிசைக்கு எட்டுச் சதுரம் என்றால் வரிசை முடிவதற்குள் நாலு அங்குலம் வித்தியாசம் வந்துவிடுகிறது. பெரியதை வெட்டிச் சின்னதாக்கலாம். கத்தரியை எடுத்தேன். அக்காவின் துணியை வெட்டக் கை வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

ஷர்மிளாவுக்குப் போன் செய்து, “உங்கம்மாகிட்ட ஒரு தொழில்நுட்ப சந்தேகம் கேக்கணும், வேற ஒண்ணும் பேச மாட்டேன்னு சொல்லு” என்றேன். போனில் பாக்கியம் வந்தாள். ஆனால் ‘ஹலோ’ சொல்லவில்லை.

“பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் சேர மாட்டேங்குது” என்றேன். “ஒம்பதேகால், எட்டேமுக்கால்.”



“தையலுக்கு எவ்வளவு உள்ள விடுறீங்க?”

“கால் அங்குலம். எல்லாத்துக்கும் ஒரே மாதிரி.”

“அதான். மதினி தைச்சதுல அரை இஞ்ச் உள்ள விட்டுத் தைக்கணும். நான் தைச்சதுல கால் இஞ்ச். சேந்ததும் ரெண்டும் ஒரே அளவு ஆயிரும். மதினிக்கு பிளவுஸ் தைச்ச கை. வருசம் போனாப் பிரிச்சு விடணும்னு உள்ள துணி கூட விட்டே பழக்கம். போர்வைக்கும் விடுவாங்க. ‘ஏன் மதினி, போர்வை என்ன ரெண்டு பிள்ள பெத்துக் குண்டாகப் போகுதா’ன்னு கேப்பேன், அதுக்கு அவுங்க…”

சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே தைத்து முடிந்ததும் எட்டேகால். ஒரு நூல் பிசகில்லை. இரண்டு பேரும் தப்புச் செய்யவில்லை. துணி முடியும் இடத்தை எல்லை என்று எடுத்துக்கொண்டு அளந்தவன் நான். முப்பத்து நான்கு வருட அனுபவம்.

ஜூன் 29, சனி

தைத்து முடித்த முப்பதையும் பிளேடால் பிரித்தேன். நேர்கோடு, நூல் பிடித்த மாதிரி. அதையும் பிரித்தாகிவிட்டது. விரலில் இரண்டு வெட்டு.

ஜூலை 4, வியாழன்

ஐம்பத்தாறும் சேர்ந்துவிட்டன. ஐந்தரை அடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். சுருக்கங்கள் உண்டு. சில இடத்தில் வரப்புகள் சந்திக்கவில்லை. நான் டேப்பை எடுக்கவில்லை.

செல்லக்கனி நேற்றுப் பாக்கியத்தோடு போனில் பேசினாளாம். “என்னல்லாம் சொன்னே?” என்று கேட்டேன். “எல்லாந்தான் சார்” என்றாள். “ஸ்கூட்டரு, ஃபிரிட்ஜு, எங்க மாமியா தலகாணி.”

ஜூலை 5, வெள்ளி

பாக்கியம் வந்தாள். தோளில் ஒரு சின்னப் பை மட்டும். செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேன். என்ன செஞ்சு வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

போர்வையைக் கூடத்தில் விரித்தேன். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே போனாள்.

“இது என்ன கருப்பா?”

“ஸ்கூட்டர்.”

“இது?”

“இஸ்திரிப் பெட்டி.”

“இதுல என்ன வாசன?”

“அருப்புக்கோட்டை” என்றேன்.

மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கத்தரிப்பூப் பட்டில் கை நின்றது. அது என்னவென்று எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரிந்துகொள்ள முப்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது என்பதால் சொல்லவில்லை.

ஜூலை 6, சனி

போர்வைக்கு அடியில் வைக்க என் வேட்டிகள் இரண்டு, நடுவில் அக்காவின் பழைய நூல் புடவை. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும். அதற்கு ஒருவர் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க, மற்றவர் தைக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாத வேலை. நாள் முழுவதும் நான் பிடித்தேன், அவள் தைத்தாள்.

“இழுங்க. இம்புட்டு இல்ல. விடுங்க. ஏன் மொத்தமா விடுறீங்க?”

மதியம் அவள் நூல் கோக்கும்போது சொல்லிவிட்டேன். “அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது பாக்கியம். தப்புத்தான்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க. இன்னைக்கு நாலு செவுத்துக்குள்ள சொல்றீங்க. மதினி செத்தப்ப எம்மேல யாரு கை வச்சு ஒரு வார்த்த கேட்டா? எல்லாரும் உங்ககிட்ட வந்து கேட்டாங்க. நான் பந்திக்கு எல போட்டுக்கிட்டு இருந்தேன். அழுததுக்கும் ஏச்சு வாங்கினேன்.” அப்புறம், “இழுத்துப் புடிங்க” என்றாள்.

பிடித்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலை பதினொன்றுக்குக் கடைசித் தையல். பாக்கியம் முடிச்சுப் போட்டு, மடித்து, கட்டிலில் வைத்தாள். அவளே சமைத்தாள். நான்கு மணிக்குப் பையை எடுத்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த கண்ணாடிதான்.

நாலரைக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ரெஜினா டீச்சர். இருபத்தைந்து வருடம் அக்காவிடமே பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர். மகனோடு நாக்பூரில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருக்கிறார், அக்கா போன செய்தி நேற்றுத்தான் தெரிந்ததாம். கூடவே அவர் வேலை பார்த்த பள்ளியின் டீச்சர்கள் இரண்டு பேர். அவர்களைப் பார்த்துச் செல்லக்கனியும் எதிர்வீட்டு அம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உடன்பிறந்தவனிடம்தான் முதலில் வருவார்கள். ரெஜினா டீச்சரும் நேராக என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். பாக்கியம் வழக்கம்போல எழுந்து, தண்ணீர் கொண்டுவர அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

“என்ன சார் இப்படி ஆயிருச்சு. ஒரே அக்கா. உங்களுக்கு எப்படி இருக்கும்…”

நான் எழுந்துவிட்டேன். பாக்கியத்தின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அத்தனை பேர் பார்க்கக் கையைப் பிடித்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அவள் என்னவோ ஏதோ என்று விழித்தாள்.

“டீச்சர், நான் தம்பிதான். ஆனா அக்கா கூட இருந்தது இவ. முப்பது வருசம் வாரா வாரம் போய் உக்காந்திருந்தது இவ, ஆசுபத்திரியில பாத்தது இவ. துக்கம் இவளுக்குத்தான். இவகிட்ட விசாரிங்க.” மீதியையும் சொன்னேன்: “பதினாறு அன்னைக்கு இவ அழுததை நான் எல்லாரு முன்னாடியும் ஏசி நிறுத்தினேன். அது தப்பு.”

ரெஜினா டீச்சர் பாக்கியத்தின் முன்னால் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எப்படிம்மா போனாங்க? வலி இருந்துச்சா?” என்று கேட்டார். பாக்கியம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வார்த்தையில் உடைந்துவிட்டாள். இந்தத் தடவை யாரும் பந்திக்கு அவசரப்படவில்லை.

நான் காப்பி போடப் போனேன். அடுப்படியில் நின்று அவள் சொல்வதையெல்லாம் கேட்டேன். கடைசி நாளில் அக்கா என்ன சாப்பிட்டாள், எந்தக் கையில் ஊசி போட்டார்கள், என்னைப் பற்றி என்ன கேட்டாள் என்பதெல்லாம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். எனக்கும் அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. மறுபடி காய்ச்சி, ஆறு பேருக்கும் டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன்.

அவர்கள் கிளம்ப ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. பாக்கியம் அதே நாற்காலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பையை எடுத்து வாசலில் வைத்தேன். டிக்கெட் போட்டவளை மறிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது.

“ஆறரை பஸ்ஸு. ஆட்டோ கூப்பிடவா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“டீச்சரு சும்மா இருக்காது. போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போகும். நாளைக்கு இன்னும் ஆளு வருவாங்க. துக்கம் கேக்க வர்றவுங்களுக்கு நான் வீட்டுல இருக்க வேண்டாமா? பைய உள்ள வைங்க.”

உள்ளே வைத்தேன்.